லீவுக்கு வந்த பிள்ளையின் தோலுக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்லாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பீரியடுக்கு நாற்பது நிமிடம் என்று முப்பத்திரண்டு வருடம் பேசிப் பழகியவளுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது. பாதியில் எழுந்து போகிறவர்கள் போகலாம், வருகைப் பதிவேடு இப்போது என் கையில் இல்லை. ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்களும், மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் என் பழைய மாணவர்களும் கடைசி வரை படியுங்கள். சிலருக்கு மனம் வருத்தப்படும். பரவாயில்லை. முதலில் வருத்தப்பட வேண்டிய ஆள் நான்தான் என்பது முடிவில் உங்களுக்கே தெரியும்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்தில் நம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் என் பேத்தியையும் ராஜபாளையத்திலிருந்து கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஏழு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்தே அவளுக்கு எக்சிமா. நம் ஊர் வார்த்தையில் கரப்பான். முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கழுத்து ஆகிய மூன்று இடங்களிலும் தோல் தடித்து, கறுத்து, சொரசொரப்பாக இருக்கும். அக்னி நட்சத்திரம் வேறு. வியர்த்தால் சொறிவாள், சொறிந்தால் சிவக்கும்.

மண்டபத்துக்குள் நுழைந்து பந்தி முடிந்து வெளியே வருவதற்குள் பதினோரு பேர் வைத்தியம் சொன்னார்கள். எண்ணிக்கொண்டே இருந்தேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடு என்றார் ஒரு மதினி. கல்லுப்பைக் கரைத்துக் குளிப்பாட்டு என்றார் இன்னொருவர். நலங்குமாவைப் போட்டு நன்றாகத் தேய் என்றார் ஒரு சித்தி. பாலை நிறுத்து, கத்தரிக்காயை நிறுத்து, கருவாடு பக்கமே போகாதே என்று ஒரு பட்டியல். ரத்தம் கெட்டுப்போயிருக்கிறது, பேதிக்குக் கொடு என்றார் ஒரு பெரியவர். ஒரு தம்பி போனை எடுத்து ஒரு டியூபின் படத்தைக் காட்டி, "இத மூணு நாள் போடுங்க டீச்சர், சுத்தமா போயிரும்" என்றான். இந்த டியூபுக்குப் பிறகு வருகிறேன்.

பக்கத்திலேயே வைத்தியநாத சுவாமி கோயில். திருமலை நாயக்கரின் வயிற்று வலி தீர்ந்த தலம் என்று நம் ஊரில் சொல்வார்கள். அவருக்குக்கூட ஒரு வைத்தியநாதர் போதுமாக இருந்தது. என் பேத்திக்கு ஒரே நாளில் பதினோரு பேர்.

பன்னிரண்டாவதாக ஒரு அம்மா வந்தார். வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. பேத்தியோடு விளையாடிக்கொண்டிருந்த தன் பேரனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "ஒட்டிக்கிரும், வா." மெதுவாகத்தான் சொன்னார். பிள்ளைக்குக் கேட்டுவிட்டது. அதன் பிறகு அந்த வெக்கையில், பட்டுப்பாவாடையின் மேல் என் முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு, கையை வெளியே காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பாயசம் வந்தபோதுகூடக் கையை எடுக்கவில்லை.

அன்று ராத்திரிதான் இதை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

முதல் விஷயம். எக்சிமா ஒட்டாது. தொட்டால் ஒட்டாது, பக்கத்தில் படுத்தால் ஒட்டாது, ஒரே துண்டில் துடைத்தால் ஒட்டாது. அது கிருமியால் வரும் நோய் இல்லை. அழுக்காலும் வருவதில்லை. தாய் சரியாகக் குளிப்பாட்டாததால் வந்ததும் இல்லை. என் மகளின் முகத்துக்கு நேராகவே அப்படிச் சொன்னவர்கள் உண்டு. "ரத்தம் கெட்டுப்போச்சு" என்பதும் அர்த்தமில்லாத பேச்சு.

பின்னே என்ன அது? என்னிடம் அறிவியல் படித்தவர்கள் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்வோம். செல்கள் செங்கல், இடையில் இருக்கும் கொழுப்பு சாந்து. இந்தப் பிள்ளைகளுக்குச் சாந்து சரியாக இல்லை. உள்ளே இருக்கும் ஈரம் கசிந்து வெளியேறிவிடும். வெளியே இருக்கும் தூசியும் சோப்பும் வியர்வையின் உப்பும் உள்ளே நுழைந்துவிடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எதிரி என்று நினைத்துச் சண்டைக்கு வரும். அந்தச் சண்டைதான் சிவப்பும் அரிப்பும். இந்தச் சுவருக்கு வேண்டிய ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை இருந்தால் எக்சிமா வரும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது என்று 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதனால்தான் இது குடும்பத்தில் வருகிறது. ஆஸ்துமாவும் தும்மலும் இருக்கிற குடும்பங்களில் அதிகம் பார்க்கலாம். எங்கள் வீட்டில் என் அப்பாவுக்கு வீசிங், எனக்குக் காலையில் இருபது தும்மல், பேத்திக்கு எக்சிமா. பிள்ளை யாரிடமிருந்தோ தொற்றிக்கொண்டு வரவில்லை. எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அந்தக் காலத்துல இதெல்லாம் ஏது?" என்று உடனே ஒரு குரல் வரும். கரப்பான் என்ற சொல் பிறகு எங்கிருந்து வந்தது? கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய்க்கும் கருவாட்டுக்கும் பட்டப்பெயர் வைத்தவர்கள் யார்? நோய் அன்றைக்கும் இருந்ததால்தான் பெயர் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை வெளியே விடாமல் வீட்டுக்குள் வைத்திருந்தோம். அதனால் நம் கண்ணில் படவில்லை.

சரி, பதினோரு வைத்தியத்தையும் விடைத்தாள் போல ஒரே ஒருமுறை திருத்திவிடுகிறேன். சாந்து இல்லாத சுவரை நலங்குமாவு போட்டுத் தேய்த்தால் என்ன ஆகும்? மீதிச் சாந்தும் உதிரும். வெடித்த தோலில் கல்லுப்புத் தண்ணீரை ஊற்றினால் எரியும். நம்பாதவர்கள் விரலில் கீறல் இருக்கும்போது ஊறுகாய் ஜாடிக்குள் கையை விட்டுப் பாருங்கள். வேப்பிலையும் மஞ்சளும் நல்ல பொருட்கள்தான், ஆனால் இந்த மாதிரித் தோலில் அவையே எரிச்சலையும் ஒவ்வாமையையும் உண்டாக்கலாம். இயற்கையானது என்பதால் எதுவும் பத்திரமாகிவிடாது. சேராங்கொட்டைகூட இயற்கைதான், யாராவது கையில் தேய்த்துக்கொள்வீர்களா?

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு உண்மை உண்டு. சில குழந்தைகளுக்கு, முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு, முட்டையோ பாலோ உண்மையாகவே ஒத்துக்கொள்ளாது. அதை டாக்டர் பார்த்து, சோதித்து, குறிப்பிட்ட ஒரு பொருளை நிறுத்தச் சொல்வார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து கண்ணால் பார்த்து நிறுத்தக் கூடாது. போன வருடம் எங்கள் வீட்டிலேயே பெரியவர்கள் பேச்சைக் கேட்டுப் பாலும் முட்டையும் பருப்பும் நிறுத்தினோம். ஒரே மாதத்தில் பிள்ளை எடை குறைந்ததுதான் மிச்சம். அரிப்பு குறையவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துவிட்டுப் பால்கோவா சாப்பிடக் கூடாது என்று ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்லும் கொடுமையையும் செய்தோம்.

இப்போது டியூப்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு ஏன் இருக்கிறது என்றால், போன வருட லீவில் அதைத் தடவியவள் நானே. உறவினர் ஒருவர் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். மருந்துச்சீட்டு கிடையாது. "தோலுக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டாராம், கொடுத்தார்களாம். நாற்பது வயதுக்காரரின் இடுப்புப் படைக்குக் கொடுக்கும் அதே டியூப். அறிவியல் டீச்சராகிய நான் அட்டையைத் திருப்பிப் படிக்கவில்லை. பிள்ளை ராத்திரி முழுவதும் சொறிவதைப் பார்க்க முடியாமல் கழுத்து, கை மடிப்பு, கன்னம் எல்லா இடத்திலும் தடவினேன். மூன்றே நாள். மந்திரம் போட்டது போல மறைந்துவிட்டது. நானும் நாலு பேருக்கு அந்த டியூபின் பெயரைச் சொன்னேன். அந்தப் பாவமும் என் கணக்கில்தான்.

லீவு முடிந்து பிள்ளை சென்னைக்குப் போனாள். டியூபை நிறுத்திய பத்தாவது நாள் பழையதைப் போல இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. கன்னத் தோல் மெலிந்து, சிவப்பு நரம்புகள் வெளியே தெரிந்தன. அங்கே தோல் டாக்டர் டியூபை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத யார் போட்டது?" என்று கேட்டாராம். என் மகள் என்னைக் காட்டிக் கொடுக்காமல், "நாந்தான்" என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த டியூபில் இருந்தது கிளோபீட்டாசால். தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. கூடவே ஒரு ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சை மருந்து. ஒரே டியூபில் மூன்றும். நோய் எது என்று தெரியாதவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று கொடுப்பதற்கு வசதியான கலவை. பெரியவர்களின் தடித்த தோலுக்கே டாக்டர் நாள் கணக்குப் பார்த்து எழுதும் மருந்து அது. சின்னப் பிள்ளையின் கன்னத்தில் தடவும் பொருளே இல்லை.

இது ஏதோ என் வீட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். நாட்டுக் கதை. இந்தியத் தோல் மருத்துவர்களின் சங்கம் பல வருடம் தொண்டை கிழியக் கத்தியது. அதன் பிறகு 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேல்பூச்சு மருந்துகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘எச்’ அட்டவணையில் கொண்டுவந்தது. சட்டம் வந்துவிட்டது. நம் தெருவுக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

இன்னொரு வெட்கக்கேடு. படர்தாமரை முன்பெல்லாம் சில வாரங்களில் போய்விடும். இப்போது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போவதில்லை, மருந்துக்கு அடங்குவதில்லை. 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்த ஒரு பூஞ்சையை ஆராய்ந்து அதற்குப் புதுப் பெயர் வைத்தார்கள். டிரைகோஃபைட்டன் இண்டோடினியே. பெயருக்குள்ளேயே நம் நாடு இருக்கிறது பாருங்கள். அது இப்படிப் பரவியதற்கு இந்த மாதிரிக் கலவை டியூப்களைக் கண்டபடி தடவியதும் ஒரு முக்கியக் காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கிவிடும். பூஞ்சை அதன் நிழலில் சுகமாக வளரும்.

மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் மேல் எனக்குப் பிரியம் உண்டு. நாலாம் பாடத்தில் தோலின் படம் வரைந்து பாகம் குறித்தவர்கள்தான் நீங்கள். கேட்கிற ஆளுக்கு இல்லை என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவான் என்பதும் எனக்குத் தெரியும். போகட்டும். அந்த அடுத்த கடையும் என் மாணவன் கடையாக இருக்கும், அவனும் இதைப் படிப்பான். நீங்கள் எல்லோரும் ஒரே வார்த்தையாக "டாக்டர் சீட்டு கொண்டு வாங்க" என்று சொன்னால் அவன் எங்கே போவான்?

ஆனால் ஒன்றை இதே மூச்சில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நானே பன்னிரண்டாவது வைத்தியர் ஆகிவிடுவேன். ஸ்டீராய்டு விஷம் இல்லை. டாக்டர் பார்த்து, எந்த இடத்துக்கு எந்த வீரியம், எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்தால் அதுதான் மருந்து. என் பதிவைப் படித்துவிட்டு யாரும் டாக்டர் கொடுத்த களிம்பைத் தூக்கிப் போடாதீர்கள். பயந்துபோய்ப் பாதியில் நிறுத்துவதும், மிளகு அளவு எடுத்து உடம்பு முழுக்க இழுப்பதும் தப்பு. சென்னை டாக்டர் என் மகளுக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். கணக்குப் பாடம் எங்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்.

சரி, குறை மட்டும் சொன்னால் போதுமா டீச்சர், வெயில் காலத்தில் பிள்ளையை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வரவே கூடாதா என்று கேட்பீர்கள். வரலாம். தாராளமாக வரலாம். இந்த வருடம் டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் வைத்துக்கொண்டு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

பொதிகை எக்ஸ்பிரஸில் வரும்போதே தலையணை உறையும் பருத்திப் போர்வையும் வீட்டிலிருந்து கொண்டு வந்துவிட்டார்கள். மருந்துப் பை சூட்கேஸுக்குள் இல்லாமல் கைப்பையில் வந்தது. வெயிலில் நிற்கும் காருக்குள் களிம்பை விட்டுவிட்டால் உருகிக் கெட்டுப்போகும்.

குளியல் இரண்டு வேளை. வெந்நீர் கூடாது, பல் கிட்டும் குளிர்ந்த நீரும் வேண்டாம். கை வைத்தால் இதமாக இருக்க வேண்டும். ஐந்திலிருந்து பத்து நிமிடம். எங்கள் போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, நுரைக்காததால் மேலும் மேலும் தேய்ப்போம், கடைசியில் சோப்பு தோலிலேயே தங்கிவிடும். அதனால் கடைசியாக ஊற்றுவதற்கு மட்டும் நகராட்சித் தண்ணீரைப் பிடித்து வைத்தோம். ஆறாவது மைல் நீர்த்தேக்கத் தண்ணீர், மலையிலிருந்து வருவது. வாசனையில்லாத மிதமான சோப்பு, அதுவும் தேவையான இடத்துக்கு மட்டும். நார் கிடையாது. துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் இரண்டு மூன்று நிமிடத்திலேயே மாய்ஸ்சரைசர். சுவருக்குச் சாந்து பூசுவது என்றால் இதுதான். தேங்காய் எண்ணெய் கெட்டதா என்று கேட்டு ஆச்சிமார்கள் சண்டைக்கு வர வேண்டாம், கெட்டதில்லை. சுத்தமான தேங்காய் எண்ணெய் பல பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் இந்த வெக்கையில் அப்பிவிட்டால் வியர்வை வெளியேற வழியில்லாமல் வேர்க்குரு கிளம்பும். பகலில் லேசான கிரீம், ராத்திரி கெட்டியான களிம்பு என்று பிரித்துக்கொண்டோம்.

பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரை வெளியே விளையாட்டு இல்லை. பல்லாங்குழியும் தாயமும் எதற்கு இருக்கின்றன? அய்யனார் அருவிப் பக்கம் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். கோடை மழையில் ஓடையில் தண்ணீர் இருந்தது. விடியற்காலையில் போய், ஒன்பது மணிக்குத் திரும்பிவிட்டோம். ஓடையில் நன்றாக ஆடினாள், வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றி மறுபடி கிரீம். நீச்சல் குளத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கும் இதே கதைதான். குளோரின் தண்ணீரை உடனே கழுவிவிட்டு உடனே பூச வேண்டும். வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீனில் துத்தநாக ஆக்சைடு உள்ளது இந்தத் தோலுக்கு அவ்வளவாக எரியாது. புதிதாக எதை வாங்கினாலும் முதலில் முன்கையில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் தடவி ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

வியர்த்தால் ஈரத்துணியால் ஒற்றிவிட்டுச் சட்டையை மாற்றிவிட வேண்டும். பஞ்சாலை ஊரில் இருந்துகொண்டு பிள்ளைக்கு நைலான் கவுன் போடுகிறவர்களை என்ன சொல்வது! கல்யாணத்துக்குப் பட்டுப்பாவாடை போட்டது என் தப்பு. ஜரிகை கழுத்தில் உரசியதில் அன்று ராத்திரி ரத்தம் வரச் சொறிந்தாள். அடுத்த விசேஷத்துக்குப் பருத்திப் பாவாடைதான், யார் என்ன சொன்னாலும் சரி.

அந்த ராத்திரிக்கு என்ன செய்தோம் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சத்திரப்பட்டியின் தறிச் சத்தம் தெரியும். இந்தியா முழுவதும் ஆஸ்பத்திரிகளில் கட்டுகிற பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் அங்கே நெய்து போகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. எக்சிமா அதிகமாகும்போது டாக்டர்கள் சொல்லும் ஒரு முறைக்கு அந்தத் துணிதான் வேண்டும். முதலில் மாய்ஸ்சரைசர் பூசி, இதமான நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை ஒரு சுற்று, அதன் மேல் உலர்ந்த துணி ஒரு சுற்று. தோல் குளிரும், அரிப்பு அடங்கும், நகம் படாது. எங்கள் டாக்டர் முன்பே செய்துகாட்டி அனுமதித்திருந்ததால் செய்தோம். புண் சீழ் பிடித்திருந்தால் செய்யக் கூடாது, ஸ்டீராய்டு பூசிவிட்டு நாமாகவே இப்படிக் கட்டவும் கூடாது. அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று அரை மணி நேரத்தில் பிள்ளை தூங்கிவிட்டாள். ஊருக்கெல்லாம் கட்டுத்துணி அனுப்புகிற மண்ணில் உட்கார்ந்துகொண்டு, நம் பிள்ளையின் கையில் கல்லுப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு எச்சரிக்கை. இதைச் சொல்லும்போது யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் பூக்குழிக்கு வருடம் தவறாமல் போகிறவள் நான். ஆனாலும் சொல்கிறேன். எக்சிமா உள்ள பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சலோடு, கொத்துக்கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து, வலித்து, கொப்புளம் உடைந்து வட்டவட்டமான புண்ணாக ஆனால், "அம்மா வந்திருக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது" என்று வேப்பிலையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். உதட்டில் சாதாரணமாக வரும் ஹெர்பிஸ் கிருமி எக்சிமா தோலில் பரவினால் இப்படித்தான் இருக்கும். கண்ணுக்கு அருகில் வந்தால் பார்வைக்கே ஆபத்து. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும், அதற்கு மருந்து இருக்கிறது. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே 2022 முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போங்கள். அவள் தடுக்க மாட்டாள்.

இனி என் பாவமன்னிப்பு.

1987 என்று நினைவு. ஏழாம் வகுப்பு. ஒரு மாணவிக்கு இரண்டு முழங்கையிலும் என் பேத்திக்கு இருப்பது போலவே இருந்தது. மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்றார்கள். நான் அவர்களைக் கண்டிக்கவில்லை. அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தேன். நோட்டு திருத்தக் கொடுக்கும்போது, "நீ மட்டும் தனியா வை" என்று ஒரே ஒரு நாள் சொன்னேன். அந்த வருடம் முழுவதும், நான் மறுபடி சொல்லாமலே, எல்லோரும் நோட்டை அடுக்கிய பிறகு அவள் தன் நோட்டைக் கொண்டுவந்து மேஜையின் ஓரத்தில் தனியாக வைத்துவிட்டுப் போவாள். அட்டை போட்டு, பெயர் எழுதி, சுத்தமான நோட்டு. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும், "அடுக்கிலேயே வைம்மா" என்று சொல்லவில்லை.

ஒட்டாது என்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாததைத் தெரிந்துகொள்வதுதான் என் வேலை, அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

மண்டபத்தில் அந்த அம்மா பேரனை இழுத்துக்கொண்டு போனபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவரைத் திட்ட வாய் வரவில்லை. அந்த மேஜை ஓரம் கண் முன்னால் வந்துவிட்டது.

என் பிள்ளையே, இந்தப் பதிவு யார் மூலமாவது உன்னிடம் வந்து சேர்ந்தால், உன் டீச்சர் தப்பு செய்தாள். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ பதில் எழுத வேண்டாம். எழுத வேண்டும் என்ற கடமை உனக்கு இல்லை.

இப்போது பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் ஜூன் மாதம் வகுப்புக்குள் நுழையும்போது ஒன்று செய்யுங்கள். கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒன்று இருக்கும். அதன் நோட்டை முதலில் கையில் வாங்குங்கள், மற்றப் பிள்ளைகள் பார்க்கும்படி. அது ஒரு அறிவியல் பாடம்தான்.

சொந்தக்காரர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வரப்போகிறீர்கள், மாம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன். பேத்தியிடம், "பரீட்சையில என்ன மார்க்?", "எத்தனாவது போற?" என்று எது வேண்டுமானாலும் கேளுங்கள். "கையில என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். பார்த்ததும் "ஐயையோ" என்று சொல்லாதீர்கள். மருந்து கொண்டு வராதீர்கள். அவள் பக்கத்தில் உங்கள் பிள்ளைகளை உட்கார வையுங்கள்.

அது போதும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்
ராஜபாளையம்